ஓடினுக்கு ஒரு திருச்சபை

980ஆம் ஆண்டில் கீவ் நகரைக் கைப்பற்றிய விளாடிமிர், அரண்மனைக்கு வெளியே ஒரு மேட்டில் ஆறு தெய்வங்களுக்குச் சிலை நட்டார். நடுநாயகமாக இடியின் தெய்வம் பெருன்: மரத்தில் உடல், வெள்ளியில் தலை, தங்கத்தில் மீசை. கூடவே கோர்ஸ், தாஷ்போக், ஸ்த்ரிபோக், சிமார்கில், மோகோஷ். பல குடிகள் தனித்தனியே கும்பிட்டுவந்த தெய்வங்களை ஒரே மேட்டில் கூட்டி, அரசுக்கென்று ஒரு மதம் செய்யப் பார்த்தார் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். எட்டு ஆண்டுதான் தாங்கியது. 988இல் அவரே ஞானஸ்நானம் பெற்றார். பெருனைக் குதிரை வாலில் கட்டி இழுத்து, பன்னிரண்டு பேரை விட்டுத் தடியால் அடிக்கச் சொல்லி, நீப்பர் ஆற்றில் தள்ளினார்கள்.

விளாடிமிரிடம் தெய்வங்களுக்குக் குறைவில்லை. வாளுக்கும் குறைவில்லை. பூசாரிகளை ஒரே ஒழுங்கில் வைக்க ஒரு தலைமை, இது சரி இது தவறு என்று சொல்ல ஒரு விதி, அரசன் செத்தாலும் அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் அமைப்பு, இவைதான் இல்லை. எதிரில் நின்ற பைசாந்தியத் திருச்சபையிடம் மூன்றும் இருந்தன. ஸ்டாக்ஹோம் நகரத்து பாரடாக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘க்ரூசேடர் கிங்ஸ் 3’ விளையாட்டில் பழைய மதமொன்றை நிமிர்த்துவது என்றால், விளாடிமிர் விட்ட இந்த இடத்தை நிரப்புவது என்று பொருள். புதிதாக வருபவர்கள் பலர் இதைப் போர்ப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். போர் இதில் பாதிகூட இல்லை.

இந்த அத்தியாயத்துக்கு ஸ்காண்டிநேவியாவின் பழைய நெறியை எடுத்துக்கொள்வோம். விளையாட்டில் அதற்கு ஆசத்ரு என்று பெயர். 867ஆம் ஆண்டுத் தொடக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். 1066இலும் தொடங்கலாம், ஆனால் அதற்குள் டென்மார்க், நார்வே அரசர்கள் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள், கிணறு வற்றிய பிறகு தூர் வாரும் வேலை அது. அரசராக பியோர்ன் அயர்ன்சைடை எடுங்கள். ரக்னார் லோத்புரோக்கின் மகன்கள் என்று சாகாக்கள் எனும் வடநாட்டுப் பழங்கதைகள் சொல்லும் கூட்டத்தில் இவரும் ஒருவர். உப்சாலா இவர் கையில் இருப்பதுதான் நமக்கு முக்கியம். முந்தைய பதிப்பான க்ரூசேடர் கிங்ஸ் 2இல் இத்தகைய அரசர்களாக ஆட ‘தி ஓல்ட் காட்ஸ்’ என்ற கூடுதல் தொகுப்பைத் (டிஎல்சி) தனியாக வாங்க வேண்டியிருந்தது. மூன்றாவதில் அடிப்படை விளையாட்டே போதும்.

எதற்காகச் சீர்திருத்த வேண்டும்?

சீர்திருத்தப்படாத மதம் என்பது விளையாட்டில் ஒரு தனி நிலை. அந்த நிலையில் இருக்கும்வரை பழங்குடி ஆட்சியை விட்டு நிலப்பிரபுத்துவ ஆட்சிக்கு மாற முடியாது. கோட்டை கட்டி வரி வாங்கும் அரசுகள் உங்களைச் சுற்றி வளர்ந்துகொண்டே போகும். நீங்கள் மட்டும் மரவேலிக்குள் இருப்பீர்கள். இரண்டாவது ஆபத்து சத்தமில்லாமல் வரும். கணினி ஆடும் பழைய மத அரசர்கள் காலப்போக்கில் ஒவ்வொருவராகப் பெரிய மதங்களின் பக்கம் சாய்வார்கள். ஐம்பது ஆண்டு உங்கள் நாட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மத வரைபடத்தைத் திறந்தால், பக்கத்து நாட்டில் சிலுவை நிறம் பரவியிருக்கும். போர் நடந்த செய்தியே வந்திருக்காது.

ஆகவே ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறையாவது மத வரைபடத்தைப் பாருங்கள். நில வரைபடம் தராத தகவல் அதில் இருக்கிறது.

மூன்று தலங்கள்

ஆசத்ருவுக்கு ஐந்து புனிதத் தலங்கள்: உப்சாலா, லேய்ரே, ரனஹைம், ஜீலாந்து, பாடர்போர்ன். சீர்திருத்த இவற்றில் மூன்று உங்கள் ஆட்சிக்குள் இருக்க வேண்டும். இந்தப் பட்டியல் கற்பனையில் பிறந்ததல்ல. உப்சாலாவில் தோர், வோடன் (ஓடின்), ஃப்ரிக்கோ என மூன்று தெய்வச் சிலைகள் இருந்ததாகவும், ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை பெரும் பலிவிழா நடந்ததாகவும் பிரேமன் நகரத்து ஆதாம் 1070களில் எழுதிவைத்தார். டென்மார்க்கின் லேய்ரேயைப் பற்றியும் இதே போன்ற ஒன்பதாண்டு விழாக் கதையை மெர்சபர்க் ஆயர் தீட்மார் எழுதியிருக்கிறார். இருவருமே கிறிஸ்தவர்கள், இருவருமே கேள்விப்பட்டதை எழுதியவர்கள். பலி எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பாடர்போர்ன் சாக்சனி நாட்டில் இருக்கிறது. சாக்சன்களின் இர்மின்சூல் என்ற புனிதத் தூணை 772இல் ஃப்ராங்கிய அரசர் சார்லமேன் வெட்டிச் சாய்த்தது அந்த வட்டாரத்தில்தான்.

பாடர்போர்னைப் பார்த்ததும் சாக்சன்களுக்காகப் பழிவாங்கும் ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். பாடர்போர்ன் கிழக்கு ஃப்ராங்கிய அரசுக்குள் கிடக்கிறது. ஜீலாந்து தெற்கே ஃப்ராங்கியக் கடற்கரையில். இரண்டையும் தொட்டால் சார்லமேன் வம்சத்தோடு மோத வேண்டும், ஒரு கிறிஸ்தவ அரசரை அடித்தால் அவருடைய மாமன் மச்சான் எல்லோரும் படையோடு வருவார்கள். மீதி மூன்றும் ஸ்காண்டிநேவியாவுக்குள்ளேயே இருக்கின்றன. உப்சாலா உங்களுடையது. லேய்ரே டென்மார்க்கின் சீலாந்துத் தீவில். அந்தத் தீவுப் பகுதி சகோதரன் சிகுர்டிடம் இருக்கிறது. ரனஹைம் நார்வேயின் த்ரோண்ட்ஹைம் வட்டாரத்தில். ஆக, பிடிக்க வேண்டியவை இரண்டே இரண்டு தலங்கள்.

சகோதரனிடமிருந்து பிடுங்குவதா என்று தயங்க வேண்டாம், இது ரக்னார் குடும்பம். ஆனால் போர் அறிவிக்கும் முன் அவரோடு கூட்டணி இருக்கிறதா, அவருக்கு வேறு யார் கூட்டாளி என்று பாருங்கள். அவர் பிரிட்டனில் படையெடுத்துப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் வேலை பாதியாகும். பழங்குடி அரசர்களுக்கு அண்டை அரசரை மொத்தமாக அடிபணிய வைக்கும் ஒரு வகைப் போரும் உண்டு. கவுண்டி எனப்படும் சிறு நிலப்பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கொறிப்பதைவிட அது மேல், ஆனால் எப்போதும் நல்லதல்ல. ஏன் என்பதைப் பாகப்பிரிவினைப் பகுதியில் சொல்கிறேன்.

தலம் இருக்கும் கவுண்டியைப் பிடித்ததும் விசுவாசமான ஒரு சிற்றரசருக்குப் பரிசாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். நேரடியாக வைத்துக்கொள்ளக்கூடிய கவுண்டிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. வேறு எதையாவது கொடுத்துவிட்டு இதைக் கையில் வையுங்கள். நாளைக்கு அந்தச் சிற்றரசர் பிரிந்துபோனால் தலமும் கூடவே போகும்.

பொன் மகனுக்குப் போகும், புண்ணியம் போகாது

சீர்திருத்தத்துக்கு விலை பயட்டி எனப்படும் பக்திப்புள்ளி. இந்தத் தொகை பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது, நீங்கள் எத்தனை விதிகளை மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் ஏறும். மதச் சாளரத்தில் சீர்திருத்தப் பொத்தானின் மேல் சுட்டியை நிறுத்தினால் உங்களுக்கு எவ்வளவு ஆகும், எந்த நிபந்தனை இன்னும் நிறைவேறவில்லை என்பதெல்லாம் வரும். பொத்தானை அழுத்தப்போகும் நாள்வரை காத்திருக்காமல் விளையாட்டின் முதல் மாதத்திலேயே அதைப் படித்துவிடுங்கள்.

பெரும்பாலான ஆட்டங்கள் தோற்கும் இடம் இதுதான். அரசர் இறந்தால் கருவூலத்துப் பொன் வாரிசுக்குப் போகும். பக்திப்புள்ளி போகாது, மகன் தன் கணக்கைத் தானே தொடங்க வேண்டும். ஒருவர் நாற்பது ஆண்டு சேர்த்து, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்ற நேரத்தில் காய்ச்சலில் போனால் அத்தனையும் போயிற்று. ஆகவே ஒரே ஆயுளுக்குள் முடிய வேண்டிய வேலை எது, இரண்டு ஆயுளுக்குப் பரவலாம் என்பது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். நிலம் பிடிப்பது பரவலாம். புண்ணியம் சேர்ப்பது பரவ முடியாது.

என் பரிந்துரை: பியோர்ன் தலங்களைப் பிடிக்கட்டும், சீர்திருத்தத்தை மகன் செய்யட்டும். பியோர்ன் படைத்தலைவர், அவரை வேதம் படிக்க வைப்பது வீண். ஆனால் மகன் பிறந்ததிலிருந்தே திட்டமிடலாம். கல்விப் பருவம் வந்ததும் அவனைக் கற்றல் திறன் உள்ள ஒரு பாதுகாவலரிடம் ஒப்படையுங்கள். பாதுகாவலர் நம் மதத்தவராக இருக்கட்டும், இல்லையென்றால் பிள்ளை வேறு நம்பிக்கையோடு திரும்பி வரக்கூடும். அவன் அரியணை ஏறியதும் வாழ்க்கை நெறிகளில் கற்றலைத் தேர்ந்து, அதில் இறையியலைக் குறியாக வையுங்கள். அந்தக் கிளையில் ‘ப்ராஃபெட்’ என்றொரு திறன் உண்டு. புது மதம் படைப்பதற்கும் பழையதைச் சீர்திருத்துவதற்கும் ஆகும் பக்திச் செலவை அது பாதியாகக் குறைக்கும். இந்த ஒரு திறனுக்காகவே பத்து ஆண்டு காத்திருப்பது தகும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலயாத்திரை போகலாம்; போன இடத்தில் நோய்வாய்ப்படும் வாய்ப்பும் உண்டு, வாரிசு சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வேண்டாம். மதப்போரில் வென்றால் புள்ளி வரும். ஒவ்வொரு மதத்துக்கும் எந்தக் குணம் அறம், எந்தக் குணம் பாவம் என்ற பட்டியல் தனி. வாரிசு அறக்குணங்களோடு வளர்ந்தால் மாதாமாதம் சிறுதொகை சேரும். அப்புறம் கைதிகள். பழைய நெறியில் கைதியைப் பலியிட்டால் புண்ணியம், மீட்புத்தொகைக்கு விட்டால் பொன். கொள்ளையடிக்கப் போன கரையிலிருந்து ஒவ்வொரு முறையும் சிலர் பிடிபடுவார்கள். பெரிய குடும்பத்தவரைப் பணத்துக்கு விடுவதும் மற்றவரைப் பலிமேடைக்கு அனுப்புவதும் வழக்கம். இதைத் திரையில் செய்யும்போது கொஞ்சம் சங்கடமாக இருந்தால் நல்லது. உப்சாலா விழாவைப் பற்றி எழுதிய ஆதாமுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

பாகப்பிரிவினை

பழங்குடி ஆட்சியில் சொத்துரிமைச் சட்டம் கான்ஃபெடரேட் பார்ட்டிஷன். அரசர் இறந்தால் நிலம் மகன்களுக்குள் பிரியும். அதோடு நில்லாது. உங்கள் நிலப்பரப்பை வைத்து இன்னொரு அரசப் பட்டத்தை உருவாக்க முடியும் என்றால், நீங்கள் உருவாக்காவிட்டாலும் சட்டமே உருவாக்கி இரண்டாம் மகன் தலையில் சூட்டிவிடும். அந்தக் கணமே அவன் தனி நாட்டு அரசன்.

நம் மூன்று தலங்களும் எங்கே கிடக்கின்றன என்பதை மறுபடி பாருங்கள். உப்சாலா ஸ்வீடன் அரசின் எல்லைக்குள், லேய்ரே டென்மார்க்கில், ரனஹைம் நார்வேயில். வீரத்தோடு ஆடி மூன்று நாட்டையும் முழுசாகப் பிடித்தவருக்குக் கிடைக்கும் பரிசு இதுதான்: இறந்த மறுநாள் மூன்று மகன்கள், மூன்று நாடுகள், ஆளுக்கு ஒரு புனிதத் தலம். அண்ணன் தம்பி போர் முடிவதற்குள் சீர்திருத்த வேண்டிய மகன் கிழவனாகிவிடுவான்.

ஓர் அரசப் பட்டத்தை உருவாக்க அதன் இயல்பெல்லைக்குள் பாதிக்கு மேற்பட்ட கவுண்டிகள் வேண்டும். அந்தப் பாதியைத் தாண்டாதீர்கள். ஸ்வீடனை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கிலும் நார்வேயிலும் தலத்தையும் அதைச் சுற்றிக் காவலுக்குத் தேவையான நிலத்தையும் மட்டும் பிடித்து நிறுத்திவிடுங்கள். உங்களிடம் ஒரே ஓர் அரசப் பட்டம் இருந்தால், தம்பிகளுக்குப் போகும் டச்சிகள் (பல கவுண்டிகள் சேர்ந்த நிலம்) மூத்தவனின் ஆட்சிக்குள்ளேயே இருக்கும். தலம் தம்பி கையில் போனாலும் நாட்டை விட்டுப் போகாது. அண்டை அரசரை மொத்தமாக அடிபணிய வைக்கும் போர் எப்போதும் நல்லதல்ல என்று மேலே சொன்னது இதனால்தான். பெரிய அரசர் ஒருவரை விழுங்கினால் பாதி என்ற கோட்டை ஒரே இரவில் தாண்டிவிடுவீர்கள்.

இன்னும் இரண்டு காப்புகள் உண்டு. வடநாட்டுப் பண்பாட்டினருக்கு ஸ்காண்டிநேவியத் தேர்தல் முறை திறந்திருக்கிறது. பட்டத்துக்கு அதை வைத்தால் சிற்றரசர்கள் வாக்களித்து ஒரே வாரிசைத் தேர்வார்கள். வாக்காளர்கள் உங்கள் இறையியல் மகனை விட்டுவிட்டு மாமன் மகன் படைத்தலைவனுக்குக் கை தூக்கும் வாய்ப்பும் உண்டு, ஆகவே இதை வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. மற்றது, பழைய நெறி மூன்று ஆசைநாயகிகள்வரை அனுமதிக்கிறது என்பதற்காக மூன்று பேரையும் உடனே சேர்த்துக்கொள்ளாமல் இருப்பது. நல்ல வாரிசுகள் இரண்டு போதும். பிள்ளைச்செல்வம் பெருகினால் இந்தச் சட்டத்தில் நாடு சிறுக்கும்.

எதைக் கடன் வாங்குவது

மூன்று தலம், போதிய புண்ணியம் இரண்டும் சேர்ந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் பெரிய சாளரம் ஒன்று திறக்கும். மூன்று முதன்மைக் கோட்பாடுகள், அதற்குக் கீழே மணமுறை, ஆண் பெண் உரிமை, மதத்தலைமை, பிற மதங்களோடு உறவு, குற்றங்கள், பூசாரிகள் என்று நீண்ட விதிப்பட்டியல். புதியவர்கள் கடைக்குள் நுழைந்தவர்கள்போல ஆகிவிடுவது இங்கேதான்.

361 முதல் 363 வரை ரோமை ஆண்ட ஜூலியன், கிறிஸ்தவம் பரவிய நாட்டில் பழைய தெய்வ வழிபாட்டை மீண்டும் அரச மதமாக்க முயன்றவர். கலாத்தியா நாட்டுத் தலைமைப் பூசாரி அர்சாகியுசுக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. ஊருக்கு ஊர் சத்திரம் கட்டுங்கள், ஏழைகளுக்குத் தானியம் கொடுங்கள், பூசாரிகள் ஒழுக்கத்தோடு இருக்கட்டும் என்கிறது அது. கலிலேயர் என்று அவர் ஏளனமாக அழைத்த கிறிஸ்தவர்களிடமிருந்தே அவர்களை வெல்லும் வழியைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். பாரசீகப் போரில் அவர் மாண்டதும் எல்லாம் நின்றது. அந்தச் சாளரத்தில் நீங்கள் செய்யப்போவதும் ஜூலியன் செய்ததுதான். எதிரியின் திருச்சபையிடமிருந்து எதை வாங்கலாம், எதை வாங்கினால் நம் மதம் நம் மதமாக இராது என்று முடிவெடுப்பது.

தலைமையை வாங்குங்கள். தலைமை இல்லாமலே விடலாம், போப்பைப் போலத் தனி மதத்தலைவரை வைக்கலாம், அரசரே மதத்தலைவராகவும் இருக்கலாம். நான் மூன்றாவதையே எடுப்பேன். தனித் தலைவர் கொஞ்ச காலம் உங்களுக்குப் பணமும் உரிமையும் தருவார். உங்கள் பேரனைப் பிடிக்காத தலைவர் வரும் நாளும் வரும். அரசரே தலைவர் என்றால் அந்தப் பதவி வம்சத்தோடேயே போகும். வாரிசு மந்தமானவனாக இருந்தால் மதத்துக்கும் மந்தம்தான், அந்த விலையைக் கொடுக்கலாம்.

பூசாரிகள் விஷயத்தில் எதிரியைப் பின்பற்றாதீர்கள். தனிப் பூசாரி வர்க்கம் என்ற விதியை எடுத்தால் கோவில் சொத்தெல்லாம் அரசவைப் பூசாரிக்குக் குத்தகைக்கு விட்டதாக ஆகும். அவருக்கு உங்கள் மேல் அன்பு இருந்தால் வரியும் படையும் வரும், இல்லையென்றால் குத்தகைக்காரர் வழக்கம்போல மழை இல்லை என்பார். ஆள்பவரே பூசாரியும் ஆகலாம் என்ற பழைய விதி வடநாட்டு மரபுக்கும் பொருந்தும். ஐஸ்லாந்தில் கோடி எனப்பட்ட குடித்தலைவர்களே வழிபாட்டையும் நடத்தினார்கள்.

மூன்று கோட்பாடுகளில் போர்வெறியை உயர்த்தும் ஒன்று, பலி தொடர்பான ஒன்று, இன்னும் ஒரு பயங்கரம் என்று எடுப்பவர்கள் அதிகம். முதல் முப்பது ஆண்டு அது அட்டகாசமாக ஓடும். அதன் பிறகு பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஐரோப்பாவில் ஆள் இருக்காது. விளையாட்டு ஒரு மதம் இன்னொன்றைப் பார்க்கும் பார்வையை நான்கு படியாகப் பிரிக்கிறது: நேர்மையான வழி, வழிதவறியது, பகை, தீமை. கடைசிப் படிக்குத் தள்ளப்பட்ட மதத்துக்குத் திருமணக் கூட்டணி கிடைப்பது அரிது, கூட்டணி இல்லாத அரசு பெரிய படையெடுப்பைத் தனியாகத்தான் தாங்க வேண்டும். கிறிஸ்தவத்தோடு இணக்கம் காட்டும் கோட்பாடு ஒன்று பட்டியலில் இருக்கிறது, அதை எடுத்தால் அவர்கள் உங்களை வழிதவறியவர்களாக மட்டும் பார்ப்பார்கள். வீரப் பெருமை உள்ள ஆட்டக்காரர்களுக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். ஒன்றில் இணக்கம், ஒன்றில் முன்னோர் வழிபாடு, ஒன்றில் போர் என்று கலந்து எடுத்தால் வடநாட்டு முகமும் இருக்கும், பேரனுக்குப் பெண்ணும் கிடைக்கும். பிற மதங்களை வெறுக்கும் கடும் விதியை எடுத்தால் நம் மதத்தின் பழைய வடிவத்தில் தங்கிவிட்டவர்களோடும் உறவு கெடும்; அவர்கள்தான் முதலில் நம் பக்கம் வர வேண்டியவர்கள்.

ஆசைநாயகி விதியை அப்படியே விடுவதா என்று கேட்பார்கள். பாகப்பிரிவினையை விட்டு வெளியே வரும்வரை ஒருதார மணம் நல்லது. ஒவ்வொரு மாற்றமும் புள்ளியைத் தின்னும் என்பதால், கையில் இருப்பது குறைவானால் இதைத் தொடாமல் விட்டுக் கட்டுப்பாட்டோடு இருந்துகொள்ளலாம்.

அறிவித்த பிறகு

சீர்திருத்தம் அறிவித்ததும் சிற்றரசர்களில் சிலர் கூடவே வருவார்கள், சிலர் பழைய வழியிலேயே நிற்பார்கள். வராதவர்களிடம் மதம் மாறும்படி நேரடியாகக் கேட்கும் வசதி உண்டு. பலம் குறைந்தவரிடமிருந்து தொடங்குங்கள். பலமானவர் மறுத்தால் அவரைச் சுற்றிக் கலகக் கூட்டணி உருவாகும், ஆகவே முதல் சில ஆண்டுகளுக்குப் புதிய போர் எதிலும் இறங்காமல் படையை நாட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். அரசவைப் பூசாரியைக் கவுண்டி மதமாற்ற வேலைக்கு அனுப்புங்கள். தலைநகரைச் சுற்றிய கவுண்டிகள் முதலில், தலங்கள் அடுத்து, எல்லைப்புறம் கடைசியில். அவருடைய கற்றல் திறன் குறைவாக இருந்தால் நட்புக்காக வைத்திருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஃபெர்வர் எனப்படும் ஆவேச அளவு சரிந்தால் மதமாற்றம் மந்தமாகும், மதத்துக்குள்ளேயே கிளைகள் முளைக்கும். அந்த எண்ணையும் மத வரைபடத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலப்பிரபுத்துவத்துக்கு மாறுவதை உடனே செய்யாதீர்கள். மாறிய நாளில் உங்கள் படை எண்ணிக்கை சட்டென்று விழும், கட்டடங்கள் புதிதாகத் தொடங்கும், கடற்கொள்ளை பொதுவாக நின்றுவிடும். சீர்திருத்தத்துக்குப் பின் கலகம் அடங்கி, கருவூலத்தில் கோட்டை கட்டும் அளவு பொன் சேர்ந்த பிறகு மாறுங்கள். கொள்ளையின் கடைசிப் பத்தாண்டை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். அயர்லாந்து, பிரிட்டன் கரைகளில் மடாலயங்கள் இருக்கும் கவுண்டிகள் அதிகம் தரும்.

சீர்திருத்தம் செய்த அரசர் உயிரோடு இருக்கும்போதே அடுத்த வாரிசைப் பாருங்கள். அவனும் நம் மதத்தவனா, அவன் மனைவி யார், அவன் பிள்ளைகளை யார் வளர்க்கிறார்கள்? கூட்டணிக்காக ஒரு கிறிஸ்தவ இளவரசியை மணம் முடித்திருந்தால் பேரக்குழந்தைகளின் பாதுகாவலர் யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஐஸ்லாந்து 1000ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்தவத்துக்கு மாறியது வாளால் அல்ல. இரு தரப்பும் நடுவராக ஏற்ற சட்டம் சொல்பவர் தோர்கெய்ர், தானே பழைய நெறியினர், போர்வைக்குள் நெடுநேரம் படுத்து யோசித்துவிட்டு எழுந்து வந்து, நாட்டுக்கு ஒரே சட்டம் ஒரே மதம் என்று தீர்ப்புச் சொன்னார். மதம் கைமாறும் இடம் பெரும்பாலும் போர்க்களமல்ல, இப்படி ஓர் உள்ளறைதான், விளையாட்டிலும் அப்படியே.

முற்றிலும் அழிந்த மதங்கள்

ஆசத்ருவுக்கு 867இல் பக்தர்கள் இருக்கிறார்கள். கிரேக்கத்தின் ஹெலனிய நெறிபோல ஆள் அற்றுப்போன மதத்தை எழுப்ப விரும்புபவர்களுக்குச் சில சொற்கள். 15ஆம் நூற்றாண்டில் மிஸ்த்ரா நகரத்துத் தத்துவவாதி கெமிஸ்தோஸ் பிளெத்தோன், ஜீயஸ் முதலிய தெய்வங்களை வைத்து ஒரு சமய ஒழுங்கையே எழுதினார். அவர் இறந்த பிறகு அந்த நூலைத் தீயிலிட்டவர் கான்ஸ்டாண்டிநோபிள் பேராயர் கென்னாதியோஸ். எழுதுவதோடு நின்றால் மதம் எழாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம், பிளெத்தோனிடம் ஒரு கவுண்டிகூட இல்லை.

விளையாட்டில் இதற்கு எளிய வழி, 2020 நவம்பரில் இலவசப் புதுப்பிப்பில் வந்த அரசர் வடிவமைப்பு. அரசரின் பண்பாட்டையும் மதத்தையும் நீங்களே அதில் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அப்படித் தொடங்கும் அரசர் தன் நாட்டிலேயே அந்நியர். சிற்றரசர்கள், கவுண்டிகள், அரசவைப் பூசாரி எல்லோரும் வேறு மதம், மேலே ஒரு கிறிஸ்தவப் பேரரசர். ஆகவே பைசாந்தியத்துக்குள் தொடங்க வேண்டாம். பேரரசின் பிடி எட்டாத, தனி நாடாக உள்ள ஒரு சிறு டச்சியை எடுங்கள். முதல் ஆண்டிலேயே புதிய மதத்தவரான ஒரு பூசாரியை அமர்த்தித் தலைநகரக் கவுண்டியை மாற்றத் தொடங்குங்கள். அது மாறும்வரை எந்தப் போரும் வேண்டாம். மாறியதும் சேமிப்பை நிறுத்தி, காலாட்படைக்கு ஆள் எடுங்கள்.